ஒரு பத்திரத்துக்கு மட்டும் அவர் மனைவி

என் மனைவியின் முதல் கணவரை நான் தரையில் நிற்கப் பார்த்ததே இல்லை. எப்போதும் ஜீப்பில்தான். செத்துப்போனவரை ‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை என்பதால் அப்படி எழுதுகிறேன். அந்த நாட்களில் மனசுக்குள் நான் வைத்திருந்த சொல்லுக்கு அச்சில் இடம் கிடையாது.

எனக்குப் போடியில் வாடகைச் சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டுகிறவன் பகல் முழுக்கக் குத்தவைத்தே இருப்பான். ஏலக்காய் மூட்டையோடு மலையிலிருந்து இறங்கிக் கமிஷன் கடைக்குப் போகிற தோட்டக்காரர் ஜீப்பில் உயரமாக இருப்பார். அதனால் அவர் போகும்போதெல்லாம் நான் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. அவர் குனிந்து பார்க்க வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை, பார்க்கவும் மாட்டார். ஒரு தடவை முறைத்திருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நம்மையும் ஒருத்தன் கணக்கில் வைத்திருக்கிறான் என்று தோன்றியிருக்கும்.

அந்த ஜீப்பின் ஹாரன் சத்தம் எனக்கு அத்துபடி. வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அது தெருவைக் கடந்தால் நான் தட்டைப் பார்க்க மாட்டேன். குழம்பு ஊற்றுகிறவள் கையைப் பார்ப்பேன். கரண்டி ஆடுகிறதா? ஆடவில்லை. ஆடாததும் சந்தேகமாகத்தான் இருக்கும். இப்படி ஆடாமல் பிடிக்க எத்தனை நாள் பழகியிருப்பாள் என்று யோசித்துக்கொண்டே சோற்றைப் பிசைவேன்.

எங்கள் சாதிசனத்தில் ஒரு பெண் முதல் கல்யாணத்தைத் தீர்த்துக்கொண்டு மறுகல்யாணம் செய்வது ஊர் வாயைப் பிளக்கிற விஷயம் இல்லை. அதற்காகக் கோர்ட்டுப் படி ஏறியவர்களும் இல்லை. இரண்டு பக்கத்து ஆட்களும் பெரியதனக்காரர்கள் முன்னால் உட்காருவார்கள். எந்த நகை, எந்தப் பாத்திரம் யாருக்கு என்று பேசி முடிப்பார்கள். அப்புறம் புருஷன்காரன் ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து முறித்துப் போடுவான். அவ்வளவுதான். டீயைக் குடித்துவிட்டு அவரவர் பஸ்ஸைப் பிடிக்கலாம். அவளுக்கும் அப்படித்தான் தீர்ந்தது, பிள்ளைகுட்டி இல்லை என்று பெண் கேட்கப் போனபோதே அவள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். “அதனால என்ன!” என்று நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். அந்தப் பெருந்தன்மை கல்யாணம் முடிந்து மறுவாரம் வரைக்கும் தாங்கியது.

அடித்துக்கொண்டு பிரிந்தவர்கள் என்றால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அப்படி ஒரு தடயமும் கிடைக்கவில்லை. நானும் தூண்டில் போட்டுப் பார்ப்பேன்.

“குடிப்பாரோ?”

“மழைக்காலத்துல காப்பி நெறையக் குடிப்பாக.”

“கோவம் வருமோ?”

“அட்டை கடிச்சா வரும்.”

“அப்பறம் என்னத்துக்குத் தீர்த்த?”

“ஒத்து வரலை. உப்பு போதுமான்னு பாத்துச் சொல்லுங்க.”

ஒத்து வரலை என்கிற அந்த ஒற்றைப் பதிலை வைத்துக்கொண்டுதான் ஆறு வருஷம் நான் குடும்பம் நடத்தினேன். அதற்குள் இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். ஒத்து வராததற்கே ஒருத்தி எழுந்து போவாள் என்றால் எனக்கு ஒத்து வருகிற சங்கதி ஒன்றாவது இருக்கிறதா என்று சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடும்போதெல்லாம் என்னை நானே சோதித்துக்கொள்வேன். அவர் ஞாபகம் வரக்கூடாது என்று வீட்டுக்குள் ஏலக்காயே நுழையக்கூடாது எனச் சட்டம் போட்டேன். போடியில் இருந்துகொண்டு ஏலக்காய் வாசனைக்குத் தடை போட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். தெரு முழுக்க மணக்கும். என் வீட்டுப் பாயசம் மட்டும் மொட்டையாக இருக்கும். அவள் ஒன்றும் கேட்கவில்லை. எதற்கு என்று கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அந்த வாய்ப்பையும் அவள் தரவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலத்தில், மஞ்சள்காமாலையில் அவர் போய்விட்டார் என்று வாடகைக்குச் சைக்கிள் எடுக்க வந்த ஜீப் டிரைவர் ஒருவர் சொன்னார். கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். துக்கத்தில் ஓடினேன் என்று நினைக்க வேண்டாம். வேறு யாராவது சொல்லி, கேட்டதும் அவள் காட்டும் அந்த முதல் முகத்தை நான் பார்க்காமல் போய்விடக் கூடாது என்று ஓடினேன்.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். சொன்னேன். பானையைக் கீழே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள்.

“துட்டிக்குப் போகணுங்க” என்றாள்.

“நானும் வர்றேன்.”

“நீங்க எதுக்கு?”

எதுக்கு என்று நான் சொல்ல முடியுமா? கிளம்பிப் போனோம். மலைமேல் அவர் வீட்டு வாசலில் தார்ப்பாய் கட்டி, தோட்டத்து ஆட்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். அவள் நேராகப் போய் அவருடைய அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நான்தான் அழுதேன். அவள் அழுது அதை நான் பார்க்க வேண்டியிருக்குமே என்ற பயம் ஆறு வருஷமாகச் சேர்ந்து கிடந்தது. அது அங்கே அணை உடைந்து வந்துவிட்டது. நான் விசும்பிய விசும்பலில் பாதிக் கூட்டம் பிணத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது.

“யாருப்பா அது, இம்புட்டு அழுகுறது?” என்று பின்னால் ஒருவர் கேட்டார்.

“செத்தவரு பொண்டாட்டியோட புருசன்” என்றார் கீழேயிருந்து வந்திருந்த சொந்தக்காரர் ஒருவர்.

அழுகை அத்தோடு நின்றுவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து அவருடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். செத்துப்போனவர் அந்த அம்மாவுக்கு ஒரே மகன். மலைவாழைத்தார் ஒன்றைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்றார். உள்ளே இருந்து என் மனைவி ஓடி வந்தாள்.

“வாங்கத்தே! ஒரு ஆளு அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேன்ல?”

அத்தே! என் அம்மாவை அவள் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அது எப்போதும் ‘உங்கம்மா’தான். இதையும் என் பொறாமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு வாழைத்தாரை இறக்கி வைத்தேன்.

அந்த அம்மா வந்த விஷயம் இதுதான். மலைமேல் கேரள எல்லைக்குள் இருக்கும் தோட்டம் மகன் பேரில் இருந்தது. அதைத் தன் பேருக்கு மாற்ற மலையாள நாட்டு வில்லேஜ் ஆபீசுக்குப் போயிருக்கிறார். அந்த ஆபீசர் அக்கம்பக்கத்தில் விசாரித்திருக்கிறார். எல்லாரும் ஒரே குரலில், “பார்ய போடியில உண்டு” என்று சொல்லிவிட்டார்கள். பார்ய என்றால் மனைவி என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்திருக்கலாம்.

“அவுகளுக்கு எப்படி அப்படித் தோணுச்சு?” என்று கேட்டேன்.

“எம்மவன்தான் சொல்லி வச்சிருக்கான் அப்பு” என்றார் அந்த அம்மா. “தீர்த்ததை ஒருத்தருக்கும் சொல்லலை. பொண்டாட்டி கீழ போடியில இருக்கா, குளுரு ஆகலைன்னு சொல்லிக்கிட்டே திரிஞ்சிருக்கான்.”

“ஏன்?”

“பொண்ணு தர்றேன்னு வர்றவன் தொல்லை தாங்கலை. பொண்டாட்டி இருக்கான்னு சொன்னா திரும்பிப் போயிருவான்ல?”

என் மனைவி சிரித்தாள். “அவுகளுக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு சாக்கு வேணும்” என்றாள்.

அவர்களுக்கு அது சாக்கு. எனக்கு? ஆறு வருஷமாக ஒரு மலை முழுக்க என் பெண்டாட்டியை இன்னொருத்தரின் பெண்டாட்டியாக வைத்துப் பேசியிருக்கிறது. நான் அடிவாரத்தில் பெடல் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“கோர்ட்டுல தீர்ந்த பேப்பர் இருந்தாக் கொண்டா, இல்லைன்னா அந்தப் பொண்ணையே கூட்டிட்டு வான்னு ஆபீசரு சொல்லிட்டாரு ஆத்தா. நீதான் என்னன்னு பாத்துச் சொல்லணும்” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார் அந்த அம்மா.

மறுநாளே மூன்று பேரும் உத்தமபாளையத்துக்கு ஒரு வக்கீலைப் பார்க்கக் கிளம்பினோம். பஸ்ஸில் அவர்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. நான் அந்த அம்மாவின் குடையையும் மஞ்சள்பையையும் பிடித்துக்கொண்டு கம்பியில் தொங்கினேன். தேவாரம் தாண்டும்போது, யானை புகுந்து யாருடைய கரும்பையோ மிதித்ததைப் பற்றி இருவரும் பேசிச் சிரித்தார்கள். அப்புறம் அவருக்கு ஒருநாள் செருப்புக்குள் அட்டை புகுந்த கதை. அதற்கு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னிடமும் எத்தனையோ நகைச்சுவை இருந்தது. எதற்கும் அவள் வாயைப் பொத்த வேண்டிய நிலை வந்ததில்லை.

“மூணு பேரும் ஒரே குடும்பமா?” என்று கேட்டார் கண்டக்டர்.

“ஆமா தம்பி” என்றார் அந்த அம்மா.

அந்தக் குடும்பத்தில் நான் யார் என்று கண்டக்டர் கேட்கவில்லை. டிக்கெட்டுக்கு நான் காசு கொடுத்ததை வைத்து அவராகவே ஊகித்திருப்பார்.

வக்கீல் பொறுமையான மனிதர். முதலில், “உயில் ஏதாச்சும் எழுதி வச்சிருக்காரா?” என்று கேட்டார்.

“அவன் சாகுற வயசா சாமி? இனி அம்பது வருசம் கெடக்குன்னு இருந்தான்” என்றார் அம்மா.

“உயில் இருந்தா அதுல யாரு பேரு போட்டிருக்கோ அவங்களுக்கு. மனைவியா இருக்கணும்னுகூட அவசியமில்லை. உயில் இல்லைன்னா சட்டம் போட்ட வரிசைதான். பிள்ளை இல்லாம இறந்திருக்காரு. அப்ப அம்மாவுக்கும் மனைவிக்கும் சரிபாதி.”

நானும் விவரம் தெரிந்தவன் என்று காட்ட வேண்டாமா? கடைக்கு வரும் ஒரு குமாஸ்தா அடிக்கடி சொல்லும் சொல் ஒன்று ஞாபகத்தில் இருந்தது. “புரொபேட் எடுக்கணுமா சார்?” என்றேன்.

வக்கீல் என்னைப் பார்த்தார். “உயிலை நிரூபிச்சுக் கோர்ட்டுல முத்திரை வாங்குறதுக்குப் பேருங்க புரொபேட். இல்லாத உயிலுக்கு எதை வாங்குறது? இருந்தாலும் நம்ம பக்கத்துல அது கட்டாயமில்லை. மெட்ராஸ் பட்டணத்துலதான் கேப்பாங்க.”

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் நான் குடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரி, விவாகரத்து எப்படி ஆச்சு?”

“துரும்பு முறிச்சது” என்றாள் என் மனைவி.

வக்கீல் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. “அதுல தப்பில்லை. ஒரு சாதியில காலங்காலமா அப்படி வழக்கம் இருந்து, அந்த வழக்கப்படியே தீர்ந்திருந்தா, சட்டம் அதை ஒத்துக்குது. கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம்தான். அப்படின்னா நீங்க அவரோட மனைவி இல்லை. உங்களுக்குப் பங்கும் இல்லை. தோட்டம் முழுக்க அம்மாவுக்கு. இவரு உங்க கணவர்.”

எனக்கு மூச்சு வந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் என்னைக் கணவர் என்று சொன்னார். இத்தோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் வக்கீல்களுக்கு எதையும் பாதியில் விட மனசு வராது.

“எப்படி நடந்துச்சுன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க” என்றார்.

அந்த அம்மாதான் சொன்னார். “அப்ப காய் எடுப்பு நேரஞ் சாமி. தோட்டத்தை விட்டு அவன் எறங்க முடியலை. நீ போய் முடிச்சுட்டு வாம்மான்னு என்னைய அனுப்பிட்டான். துரும்புக்கு எங்க போறது? நெல்லு வெளையாத மலையில ஏது வைக்கலு? காய் பறிச்ச ஏலச்சரம் ஒண்ணு, காஞ்சு கெடந்துச்சு. அதைக் குடுத்துவிட்டான்.”

“ஏலக்காய் செடியில தொங்குமே, அந்தச் சரமா?”

“அதேதான். பெரியதனக்காரகளும், அவன் கையால குடுத்தது தானே, சரின்னுட்டாக.”

கீழே போடியில் வண்டி வண்டியாக வைக்கோல் கிடக்கிறது. ஒருத்தருக்கும் ஒரு துரும்பு உருவிப்போடத் தோன்றவில்லை. புருஷன் கைப்பட்டதுதான் வேண்டும் என்று ஏலச்சரத்தை மடியில் கட்டி மலையிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள்.

“முறிச்சே குடுத்துவிட்டாரா?” என்றார் வக்கீல்.

அம்மா தன் மடியைப் பார்த்தார். பிறகு, “இல்லை சாமி. முழுசாத்தான் குடுத்தான்” என்றார்.

“அப்ப முறிச்சது யாரு?”

அம்மா என் மனைவியைப் பார்த்தார். அவள் தலையை நிமிர்த்தி, “நாந்தான்” என்றாள்.

எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று அவள் பக்கம் திரும்பினேன். அவள் வக்கீலிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “ஆம்பளை வரலையே, எப்படி முறிக்கிறதுன்னு அவுக வெத்தலையைப் போட்டுக்கிட்டுப் பேசுறாக, பேசுறாக, முடியவே இல்லை. எனக்குக் கடைசி பஸ்சு போயிரும். நான் எடுத்து முறிச்சுப் போட்டேன். ஒரு பெரியவரு, ‘சரி, முறிஞ்சிருச்சு’ன்னாரு. எந்திரிச்சுட்டாக.”

அந்த அறையில் அந்த நேரத்தில் என்னைப் போலச் சந்தோஷப்பட்டவன் யாரும் இருந்திருக்க முடியாது. அவர் முறித்து, இவள் ஏங்கி, வேறு வழியில்லாமல் என்னிடம் வந்தாள் என்றுதான் ஆறு வருஷமாக எனக்குள் ஒரு சினிமா ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தால் இவள்தான் முறித்திருக்கிறாள்! தன் கையால்! எனக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும்போல் இருந்தது.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார்.

“பொம்பளை முறிச்சு உங்க ஆளுகள்ல வேற எங்கயாச்சும் தீர்ந்திருக்கா?”

“இல்லை” என்றார் அம்மா.

“அப்ப இது வழக்கம் இல்லைங்க. அன்னைக்கு இவங்களுக்கு பஸ்சுக்கு நேரமாச்சு, அவ்வளவுதான். கோர்ட்டு இதை ஒத்துக்காது. சட்டப்படி பாத்தா, அவரு கண்ணை மூடுற வரைக்கும் இந்தம்மா அவரோட மனைவிதான்.”

“அப்ப நான்?” என்றேன்.

அவர் எனக்குப் பொருத்தமான சொல்லை மின்விசிறியில் தேடினார். “பிள்ளைங்களைப் பத்திக் கவலையே வேணாம். இப்படிப் பிறந்த பிள்ளைங்களுக்குக் குறை வரக்கூடாதுன்னு சட்டத்தைத் திருத்திட்டாங்க. மனைவி இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு புகார் குடுக்க வேண்டியவரும் போய்ச் சேர்ந்துட்டாரு. எல்லாரும் நல்லாத்தான் இருக்கீங்க. நீங்கதான் கொஞ்சம்…”

அந்தக் கொஞ்சத்தை அவர் முடிக்கவே இல்லை.

பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். கணவர் தன் கையால் முறித்தார் என்று ஒரு பிரமாண வாக்குமூலம் எழுதலாம். அந்தப் பெரியதனக்காரர்களில் யாராவது அதையே சொன்னால், மலைமேல் ஆபீசர் ஏற்றுக்கொள்ளக்கூடும். தோட்டம் அம்மாவுக்குப் போகும். நான் கணவராக இருக்கலாம்.

“அப்படியே எழுதிருங்க சார்!” என்றேன். சொன்ன பிறகுதான் புத்தி வந்தது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் என் வாழ்க்கையின் நல்ல செய்தி எனக்குக் கிடைத்திருந்தது. அவள் முறித்தாள் என்பதுதான் அது. இப்போது அவர் முறித்தார் என்று எழுதச் சொல்லி நானே கெஞ்சுகிறேன். உண்மை வேண்டும் என்றால் நான் அவளுக்குப் புருஷன் இல்லை. புருஷனாக இருக்க வேண்டும் என்றால், அவர்தான் அவளைத் தள்ளிவிட்டார் என்று முத்திரைத்தாளில் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்கலாமா என்று வக்கீல் முகத்தைப் பார்த்தேன். கேட்கவில்லை. இதற்கு நடுவில் பாதித் தோட்டம் என்பதும் ஒரு ஓரத்தில் மின்னிக்கொண்டிருந்தது. நானும் ஒரு ஜீப்பில் உயரமாக உட்கார்ந்து அந்தத் தெருவில் ஹாரன் அடிப்பதுபோல. அவருடைய ஏலக்காயை விற்று அவரையே ஜெயிப்பது! பொறாமையும் பேராசையும் ஒரே சைக்கிளில் டபுள்ஸ் போய்க்கொண்டிருந்தன.

அவள்தான் பிரேக்கைப் பிடித்தாள்.

“அவுக முறிக்கலையே. முறிக்காததை முறிச்சாகன்னு எப்படிங்க எழுதுறது? செத்தவுக எந்திரிச்சு வந்து இல்லைன்னு சொல்லவும் முடியாதுல்ல?”

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மேஜையைப் பார்த்தேன். என்னைப் புருஷனாக்க ஒரு சின்னப் பொய் சொல்லக் கூடாதா? அதற்குக்கூட அவர் பேரைக் கெடுக்க மாட்டாளாம்.

“அப்படின்னா பாதித் தோட்டம் உங்களுக்குங்க” என்றார் வக்கீல்.

“எனக்கு வேணாம். அத்தை பேருக்கே எழுதிருங்க.”

“ரெண்டு பிள்ளைக வச்சிருக்க ஆத்தா” என்றார் அம்மா. “வாங்கிக்க. எனக்கு மனக்குறை இல்லை.”

“அந்த மண்ணுல நான் ஒரு செடி வச்சதில்லைத்தே. அட்டைக்கு ரத்தம் குடுத்ததுதான். அதுக்குப் பாதித் தோட்டமா?”

“அப்ப விடுதலைப் பத்திரம் போடணும்” என்றார் வக்கீல். “ஆனா ஒண்ணு. இருக்கிற உரிமையைத்தான் விட முடியும். அதனால இறந்தவரோட மனைவின்னு எழுதிட்டுத்தான் விட்டுக்குடுக்கணும்.”

“எழுதுங்க.”

“எழுதக் கூடாது” என்றேன் நான்.

வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார். “இந்தப் பத்திரத்துல நீங்க யாருங்க?”

பத்திரம் பதிவாகும் வரைக்கும் எங்கள் கடையில் டியூப் வெடிப்பது வழக்கத்துக்கு மேல் இருந்தது. காற்று அடிக்க ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரியவில்லை. வீட்டில் ஒரு சமரசத் திட்டமும் கொண்டுபோனேன்.

“முன்னாள்னு ஒரே ஒரு வார்த்தை சேத்துக்கிடலாம்ல? முன்னாள் மனைவி?”

“முன்னாள் மனைவிக்குப் பங்கு இல்லையாம். பங்கு இல்லாதவ எதை விட்டுக்குடுக்க?”

“ஒரு நாளைக்குன்னாலும் நீ அவருக்குப் பொண்டாட்டியா இருக்கணுமா?”

“ஒரு பத்திரத்துக்கு. சின்னவனுக்கு மூக்கு ஒழுகுது, தொடைச்சு விடுங்க.”

நிலம் மலைமேல் இருப்பதால் பதிவும் அங்கேதான். ஒரு வாடகை ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு தாண்டிப் போனோம். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர் மலையாளத்தில் எழுதி, எங்களுக்குப் புரிவதற்காக மெதுவாக வாசித்துக் காட்டினார். முக்கால்வாசி எனக்குப் புரியவில்லை. அந்த ஒரு சொல் வரும்போது மட்டும் காது தானாக நீண்டது. அதை அவர் கொஞ்சம் அழுத்தியே வாசித்ததாக எனக்குப் பட்டது.

உள்ளே ஆபீசர் அவளிடம் கேட்டார். “பரேதன்டெ பார்யயாணோ?” இறந்தவரின் மனைவிதானா?

“ஆமா” என்றாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். கையெழுத்துப் போட்டாள், கட்டைவிரலையும் உருட்டினாள்.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். பத்திரம் எழுதியவர் ஒருவர். இன்னொருவர் வருவதாகச் சொன்ன தோட்டத்துக் கங்காணி, அவர் வரவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

“தம்பி போடட்டுமே” என்றார் அந்த அம்மா, என்னைக் காட்டி.

ஆபீசர் பேனாவை என் பக்கம் நீட்டிவிட்டு, “நிங்ஙள் இவருடெ ஆரா?” என்றார். இவருக்கு நீங்கள் யார்?

புருஷன் என்று சொன்னால் பத்திரம் பொய்யாகிவிடும். யாருமில்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவள் மட்டும் விரலில் ஒட்டியிருந்த மையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“போடியில சைக்கிள் கடை” என்றேன்.

ஆபீசருக்கு அது போதுமானதாக இருந்தது. என் மனைவி இன்னொருவரின் மனைவிதான் என்பதற்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பக்கத்திலேயே பெரிய கையெழுத்து என்னுடையதுதான். பொறாமைக்காரனுக்கு அந்த அளவாவது இடம் வேண்டாமா?

அந்த அம்மா எங்களை ஒரு கடையில் உட்காரவைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்தார். கிளம்பும்போது அவள் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்தார். பிறகு அவளை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு என்னவோ சொன்னார். நான் அதைக் கேட்காதவன்போல மழையைப் பார்த்தேன். ஒன்றும் காதில் விழவில்லை என்பதுதான் உண்மை. முயற்சி செய்யாமல் இல்லை.

இறங்கும்போது ஜீப்பில் பின்சீட்டில் நாங்கள் இருவர்தான். மெட்டைத் தாண்டி ஊசி வளைவுகள் தொடங்கியபோது நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டேன்.

“அந்தச் சரத்தை அவரு ஏன் முறிக்காமக் குடுத்துவிட்டாரு?”

“எனக்கெப்படித் தெரியும்? மறந்திருப்பாக. இல்லை, மனசு வந்திருக்காது.”

இரண்டாவதை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“நீ ஏன் முறிச்ச?”

“கடைசி பஸ்சுன்னு அன்னைக்கே சொன்னேன்ல.”

“அது மட்டும்தானா?”

அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “அவுகளுக்கு மலையை விட்டு வரத் தெரியாது. எனக்கு அங்க இருக்கத் தெரியலை. யாராச்சும் ஒருத்தரு முறிக்கணும்ல? அவுக முறிக்க மாட்டாகன்னு பாத்ததும் தெரிஞ்சுபோச்சு.”

“அப்ப எங்கயாச்சும்… என்னைய மாதிரி ஒருத்தன் கெடைப்பான்னு…”

“உங்களை அப்ப யாருன்னே தெரியாதுங்க” என்றாள்.

இதோடு செத்தவர் மேல் இருந்த பொறாமை கொஞ்சம் விட்டது. அந்த இடத்துக்கு ஒரு கடைசி பஸ் வந்து நின்றது. நல்லவேளை, அதற்கு ஹாரன் மட்டும்தான் இருந்தது, மீசை இல்லை.

ஒரு வளைவில் ஜீப் சாய, நான் அவள் பக்கம் சரிந்தேன். அவள் கையை நீட்டி என்னைத் தள்ளி உட்காரவைத்தாள்.

“ஒட்டி உக்காராதீக. டிரைவர் அண்ணே பாக்காரு. நீங்க எனக்குச் சட்டப்படி யாரு?”

முன்னால் டிரைவர் இருமினார். சிரிப்பை இருமலாக மாற்றியது எனக்குத் தெரிந்தது. நான் ஓரமாக, சாட்சிக்காரன் எப்படி உட்கார வேண்டுமோ அப்படி, குடையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு பிள்ளை பெற்றவன் இப்படிக் கன்னிகழியாத பையன் மாதிரி உட்கார்ந்து மலை இறங்கியதை யாரிடமும் சொன்னதில்லை.

“வர்ற வெள்ளிக்கிழமை நாள் நல்லாயிருக்காம். அத்தை சொல்லுச்சு” என்றாள் அவள், ரோட்டைப் பார்த்தபடி. “கோயில்ல வச்சு முடிச்சிரலாம். அதுவே வந்து தாலி எடுத்துக் குடுக்குதாம். மூத்தவனுக்குப் பள்ளிக்கூடத்துல லீவு சொல்லணும். வருவீகளா, இல்லை கடையில சோலி கெடக்கா?”

அவர் அம்மா கையால் தாலியா என்று உள்ளே ஒன்று துள்ளியது. கூடவே, கேட்டவள் அவளாயிற்றே என்று இன்னொன்றும் துள்ளியது. ஆண்பிள்ளை உடனே பல்லைக் காட்டக் கூடாது என்பதற்காக, “யோசிச்சுச் சொல்றேன்” என்றேன்.

“யோசிங்க. முந்தல் செக்போஸ்ட்டு வர்றதுக்குள்ள வெரசா யோசிச்சுருங்க. கீழ போயிட்டா எனக்குச் சோலி இருக்கு.”

அடுத்த வளைவு திரும்புவதற்குள் வர்றேன் என்று சொல்லிவிட்டேன்.